லைட் அடிக்கிறானே, போகலாமா நிற்கலாமா?

அக்கா மகன் லைசென்ஸ் வாங்கிய கையோடு என்னிடம் கேட்ட முதல் சந்தேகம் இது: “மாமா, எதிர்ல வர்றவன் லைட் அடிச்சா நான் போகணுமா, நிக்கணுமா?”

நியாயமான கேள்வி. டிரைவிங் ஸ்கூலில் எட்டுப் போடச் சொல்லிக்கொடுத்தார்கள். மேட்டில் கிளட்சைப் பாதி விட்டு வண்டியை நிறுத்தப் பழக்கினார்கள். லைட் அடிப்பதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் சாலையில் இறங்கியதும் முதலில் கண்ணில் வந்து விழுவது அதுதான். “உட்காருடா மாப்ளே, டீ சொல்லியிருக்கேன்” என்று ஆரம்பித்தேன். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன்.

முதலில் கருவியைப் பார்த்துவிடுவோம். காரில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் லைட் குச்சியை நம் பக்கம் இழுத்தால் ஹை பீம் எரியும், விட்டால் அணையும். அதையே எதிர்ப்பக்கம் தள்ளினால் ஹை பீம் நிலையாக எரியும். பைக்கில் இடது ஆள்காட்டி விரலுக்கு எட்டுகிற இடத்தில் ‘பாஸ்’ பட்டன் இருக்கும். பகலில் லைட்டைப் போடாமல் ஓட்டினாலும் இது வேலை செய்யும். அவ்வளவுதான் கருவி. எரியும், அணையும், மூன்றாவதாக ஒன்று அதற்குத் தெரியாது.

இந்த ஒரே வெளிச்சத்தை வைத்து நம் ஆட்கள் சொல்ல நினைப்பதைப் பாருங்கள். நான் வருகிறேன், நில். நீ முதலில் போ. உன் ஹை பீமை இறக்கு. முந்தப் போகிறேன், ஒதுங்கு. முன்னால் போலீஸ் செக்கிங். உன் கதவு சரியாக மூடவில்லை. மாடு நிற்கிறது, பார்த்துப் போ. எல்லாவற்றுக்கும் அதே இரண்டு மினுக்கு. அடிப்பவர் மனதில் இருப்பது ஒன்று, பார்ப்பவர் எடுத்துக்கொள்வது இன்னொன்று.

இதில் மிகவும் ஆபத்தானது ‘நில்’லும் ‘போ’வும் இடம் மாறுவது. வாய்க்கால் மேல் ஒரு குறுகிய பாலம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போக முடியும். நம் ஊரில் அந்தப் பக்கம் வருகிறவர் தூரத்திலிருந்தே லைட் அடித்தால், பெரும்பாலும் ‘நான் ஏறப்போகிறேன், நீ நில்’ என்றுதான் பொருள். பிரிட்டனில் அதே இடத்தில் ஒருவர் வண்டியை நிறுத்தி லைட் அடித்தால், பெரும்பாலும் ‘நீங்கள் வாருங்கள்’ என்று பொருள். லண்டனில் பல வருடம் ஓட்டிப் பழகியவர் விடுமுறைக்கு ஊருக்கு வந்து வாடகைக் கார் எடுத்தால், முதலில் தடுமாறுவது இங்கேதான். எதிரே வந்த லாரிக்காரர் வழி கேட்டதை வழி விட்டதாக எடுத்துக்கொண்டு பாலத்தில் ஏறிவிடுவார்.

சரி, பிரிட்டனிலாவது இது விதியா என்றால், அங்கும் பழக்கம்தான். அந்த நாட்டு நெடுஞ்சாலை விதித் தொகுப்பு இதற்கு நேர் எதிராகப் பேசுகிறது. நீங்கள் இருப்பதைத் தெரிவிக்க மட்டுமே லைட் அடிக்கலாம், வேறு எந்தச் செய்திக்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது அதன் 110-ஆவது விதி. எதிரே ஒருவர் லைட் அடித்தால் அதை ‘போகலாம்’ என்ற அழைப்பாக எடுத்துக்கொள்ளவே கூடாது, உங்கள் கண்ணால் பார்த்து முடிவெடுங்கள் என்கிறது 111-ஆவது விதி. ஆனாலும் அங்கே தெருவுக்குத் தெரு மக்கள் லைட் அடித்து வழி விடுகிறார்கள், நன்றி சொல்லிக் கையும் அசைக்கிறார்கள்.

இந்தப் பழக்கத்தை நம்பி அங்கே ஒரு மோசடியே நடந்தது. கிளைச் சாலையில் காத்திருப்பவருக்கு லைட் அடித்து ‘வாருங்கள்’ என்பார்கள். அவர் நம்பி வெளியே வந்ததும் வேண்டுமென்றே போய் மோதுவார்கள். பிறகு இன்ஷூரன்ஸ் பணம் கேட்பார்கள். முதன்மைச் சாலையில் வந்தவருக்கே முன்னுரிமை என்பதால் தப்பு கிளைச் சாலைக்காரர் தலையில் விழும். ‘அவர்தானே லைட் அடித்தார்’ என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கேமரா இல்லாவிட்டால் வெளிச்சத்துக்குச் சாட்சி கிடையாது.

மோசடி வேண்டாம், நல்ல மனதோடு அடித்த லைட்டே ஆளைக் கொல்லும். ஒரு இருவழிச் சாலை. நீங்கள் வலது பக்கம் திரும்பக் காத்திருக்கிறீர்கள். எதிரே வரும் பஸ் டிரைவர் இரக்கப்பட்டு வண்டியை நிறுத்தி, இரண்டு முறை லைட் அடித்து, கையாலும் ‘போங்க’ என்கிறார். நீங்களும் நன்றியோடு வண்டியைத் திருப்புகிறீர்கள். பஸ்ஸின் மூக்கைத் தாண்டும்போது அதன் இடது பக்கச் சந்திலிருந்து ஒரு பைக் வேகமாக வெளியே வருகிறது. பஸ் ஏன் நின்றது என்று அந்தப் பையனுக்குத் தெரியாது; ஆள் ஏற்ற நிற்கிறது என்று நினைத்திருப்பான். அவ்வளவு பெரிய பஸ் மறைப்பதால் நீங்கள் அவனையும் பார்க்க முடியாது, அவன் உங்களையும் பார்க்க முடியாது. டிரைவர் கொடுத்த அனுமதி அவர் பஸ் நிற்கும் இடத்துக்கு மட்டும்தான் செல்லும். பக்கத்துச் சந்துக்கு அவர் எப்படிப் பொறுப்பேற்பார்? லைட்டில் அவருடைய நல்ல மனம் தெரியும், பைக் தெரியாது.

“அப்ப லாரிக்காரங்க இண்டிகேட்டர் போட்டுக் காட்டுறாங்களே மாமா, அதை நம்பலாமா?” என்றான் மருமகன். அதுவும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். லாரியின் பின்னால் முந்தக் காத்திருக்கிறோம். லாரிக்காரர் வலது இண்டிகேட்டர் போடுகிறார். ‘நான் வலது பக்கம் திரும்பப் போகிறேன்’ என்பது சட்டப்படியான பொருள். ‘எதிரே வண்டி வருகிறது, முந்தாதே’ என்பது சில டிரைவர்களின் வழக்கம். ‘வலது பக்கமாக முந்திப் போ’ என்பது வேறு சிலரின் வழக்கம். இரவில் எதிரே வரும் லாரி வலது இண்டிகேட்டர் போட்டிருந்தால், ‘என் வண்டியின் ஓரம் இதுவரை இருக்கிறது, தள்ளிப் போ’ என்று நான்காவதாகவும் ஒரு பொருள் உண்டு. முதல் பொருளையும் மூன்றாவது பொருளையும் மாற்றி எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

பின்னால் வருகிறவரை முந்தச் சொல்வதற்கென்று நம் நாட்டில் முறையான கைச்சைகை ஒன்று இருந்தது. 1989-ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகளில், வலது கையை வெளியே நீட்டி முன்னும் பின்னும் அரைவட்டமாக வீச வேண்டும் என்று அதை எழுதியே வைத்திருந்தார்கள். ஏசிக் கார் வந்து கண்ணாடி ஏறிய பிறகு அந்தக் கையை யாரும் பார்க்கவில்லை. அந்த வேலையெல்லாம் லைட்டின் தலையில் வந்து விழுந்தது.

லைட் அடிப்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. ஹாரனுக்குப் பதிலாக வெளிச்சத்தைப் பயன்படுத்தலாம் என்று 1968-ஆம் ஆண்டு வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தமே இடம் கொடுக்கிறது: இரவில் விபத்தைத் தவிர்க்க எச்சரிக்கலாம், ஊருக்கு வெளியே முந்தப்போவதை முன்னால் செல்பவருக்குத் தெரிவிக்கலாம். வடநாட்டு லாரிகளின் முதுகில் ‘யூஸ் டிப்பர் அட் நைட்’ என்று எழுதியிருப்பதும் இதைத்தான் கேட்கிறது. ஜெர்மனியிலும் ஊருக்கு வெளியே முந்துவதற்காக ஒரு முறை லைட் அடிப்பது சட்டத்துக்கு உட்பட்டதே. ஆனால் முன்னால் போகிறவரின் பம்பரை உரசுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு, விடாமல் லைட் அடித்து விரட்டினால் அது மிரட்டல் குற்றமாகி வழக்காகும். ‘நான் பின்னால் இருக்கிறேன்’ என்பது தகவல். ‘நகருடா’ என்பது அதிகாரம். இரண்டுக்கும் அதே குச்சிதான்.

மலைப்பாதையில் இந்தத் தகவலின் அருமை நன்றாகத் தெரியும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. இரவில் வளைவுக்கு முன் ஒரு முறை லைட் அடித்தால், வண்டி தெரிவதற்கு முன்பே எதிரே இருப்பவருக்குப் பாறையிலும் மரத்திலும் வெளிச்சம் தெரிந்துவிடும். அங்கே யார் முதலில் போவது என்பதை லைட் தீர்மானிப்பதில்லை. பாதை குறுகினால் இறங்கும் வண்டி நிற்க வேண்டும், ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்று விதி தெளிவாக இருக்கிறது. விதி பேசுகிற இடத்தில் லைட்டுக்கு வேலை குறைவு, குழப்பமும் குறைவு.

இரவில் நடக்கும் இன்னொரு சண்டையையும் சொல்ல வேண்டும். எதிரே வருகிறவர் ‘டிம் பண்ணு’ என்று லைட் அடிக்கிறார். நாமோ ஏற்கெனவே டிம்மில்தான் இருக்கிறோம். கோபம் வருகிறது, ‘இதுதாண்டா ஹை பீம்’ என்று பதிலுக்கு ஒன்று அடிக்கிறோம். அந்த ஒரு அடியில் அவருக்குச் சில நொடிகள் கண் இருட்டிவிடும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் மூன்று நொடி என்பது 50 மீட்டர். அத்தனை தூரம் அவர் கண்ணைக் கட்டிக்கொண்டு நம்மை நோக்கி வருகிறார்.

அவர் ஏன் அடித்தார் என்று யோசித்தால் பல நேரம் தப்பு நம் பக்கம் இருக்கும். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறைய அரிசி மூட்டை, பலாப்பழம் என்று ஊரிலிருந்து திரும்பும்போது வண்டியின் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் நிமிரும். டிம் வெளிச்சமும் எதிரே வருபவர் கண்ணுக்கு ஏறிவிடும். இதற்காகவே பல கார்களில் டேஷ்போர்டின் ஓரத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட சிறு சக்கரம் ஒன்று இருக்கிறது. டிரைவர் மட்டும் என்றால் 0. சுமை ஏற ஏற எண்ணைக் கூட்டினால் வெளிச்சம் கீழே இறங்கும். வாங்கிய நாள் முதல் அதைத் தொடாதவர்கள் ஏராளம். இன்றைக்கு உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

யாருமே அடிக்காத லைட்டும் உண்டு. எதிரே வரும் கார் ஸ்பீடு பிரேக்கரில் ஏறும்போது அதன் வெளிச்சம் மேலே எழும்பி, இறங்கும்போது கீழே விழும். தூரத்திலிருந்து பார்த்தால் அசல் லைட் அடித்த மாதிரியே இருக்கும். ‘வழி விட்டார்’ என்று நினைத்துக் குறுக்கே திரும்புகிறோம். அவரோ நம்மைப் பார்க்கவே இல்லை. அவர் வண்டி ஒரு மேட்டில் ஏறி இறங்கியது, அவ்வளவுதான்.

எதிரே வருபவருக்குச் செக்கிங்கை முன்கூட்டிச் சொல்லும் லைட் உலகம் முழுக்க உண்டு. இங்கிலாந்தில் அதைப் போலீஸ் கடமைக்கு இடையூறு என்று வழக்குப் போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்து எல்லிஸ்வில் என்ற ஊரில், 2014-இல் ஃபெடரல் நீதிமன்றம், இதற்காக வண்டி ஓட்டுகிறவர்களைப் பிடிக்கக் கூடாது என்று தடை போட்டது. அதைக் கருத்துச் சுதந்திரமாகப் பார்த்தது. ஒரே மினுக்கு, ஒரு நாட்டில் குற்றம், இன்னொரு நாட்டில் உரிமை.

வழக்கொழிந்த பொருளும் உண்டு. பகலில் பைக்கில் ஹெட்லைட் எரிந்தால், எதிரே வருகிறவர் லைட் அடித்தோ, ஐந்து விரலையும் குவித்து விரித்தோ ‘லைட் எரியுது’ என்று சொல்வது நம் ஊர் அக்கறை. 2017 ஏப்ரல் முதல் புது இருசக்கர வாகனங்களில் இன்ஜின் ஓடினாலே லைட் எரிய வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. அணைக்க ஸ்விட்சே கிடையாது. இன்னமும் பெரியவர்கள் விரலைக் குவித்து விரிக்கிறார்கள். புதிதாக ஓட்டும் பிள்ளைகள் ‘என்னமோ ஆபத்து போல’ என்று மிரண்டு பிரேக் பிடிக்கிறார்கள்.

இதற்கெல்லாம் ஒரு கணக்கு இருக்கிறது. இருவரும் 80 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் வந்தால் இடைவெளி நொடிக்கு 44 மீட்டர் குறைகிறது. ‘வழி விட்டானா, வழி கேட்டானா’ என்று மூன்று நொடி யோசித்தால் 130 மீட்டர் போய்விடும். யோசித்து முடிப்பதற்குள் முடிவை வண்டியே எடுத்துவிடும். அதனால் முடிவை முன்னாலேயே எடுத்து வைத்திருக்க வேண்டும்.

மருமகனுக்குச் சொன்ன முடிவு இது. நீ லைட் அடித்தால் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று சொல்வதற்கு மட்டும் அடி. அடித்ததால் எதிரே இருப்பவர் நிற்பார் என்று நம்பாதே. யாருக்காவது வழி விட வேண்டுமென்றால் வண்டியை நிறுத்து. நிற்கும் வண்டியை யாரும் தப்பாகப் படிப்பதில்லை. உனக்கு யாராவது லைட் அடித்தால் ‘ஒரு வண்டி வருகிறது’ என்பதோடு பொருளை நிறுத்திக்கொள். கால் பிரேக்குக்குப் போகட்டும், கண் சாலைக்குப் போகட்டும். சிக்னலில் பச்சை விழுந்தால் அதற்குப் பின்னால் ஒரு சட்டம் நிற்கிறது. எதிரே அடித்த லைட்டுக்குப் பின்னால் யாரும் நிற்பதில்லை.