குமிழைப் பிடிக்கும் குப்பி

டயாலிசிஸ் அறைக்கு முதல்முறை துணைக்குப் போகிறவர்கள் மெஷினின் திரையைப் பார்ப்பதில்லை, குழாயைத்தான் பார்ப்பார்கள். அதில் கடுகளவு குமிழ் ஒன்று ஓடக் கண்டால் போதும், "சிஸ்டர், காத்து போகுது!" என்று பதறிவிடுவார்கள். காற்றுக் குமிழ் ஒன்று இதயத்தைத் தொட்டால் ஆள் காலி என்பது நம் எல்லோருக்கும் யாரோ எப்போதோ சொல்லிவைத்த பாடம். வெறும் ஊசியைக் குத்திக் கொல்லும் சினிமா வில்லன்களுக்கும் இதில் பங்குண்டு. டீ ஆறுவதற்குள் அந்தக் குமிழின் பின்னாலேயே கொஞ்சதூரம் போய்ப் பார்ப்போம்.

சிரைக்குள் நுழைந்த சின்னக் குமிழ் இதயத்தின் வலப்பக்கம் போகும், அங்கிருந்து நுரையீரலுக்குப் போகும். நுரையீரலின் நுண்குழாய்களில் அது சிக்கிக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, மூச்சோடு வெளியேறிவிடும். அநேகமாகக் கதை அங்கேயே முடிகிறது. வயதுவந்த ஒருவருக்கு உயிராபத்து என்று மருத்துவ நூல்கள் சொல்லும் அளவு, வேகமாக உள்ளே போகும் 200 முதல் 300 மில்லி காற்று. அவ்வளவு காற்று ஒரேயடியாக வந்தால் இதயம் ரத்தத்தைத் தள்ள முடியாமல் நுரையைப் பிசைந்துகொண்டிருக்கும். ஆக, குமிழ் இருக்கிறதா என்பது பாதிக் கேள்விதான். எவ்வளவு, எத்தனை வேகத்தில் என்பது மீதிக் கேள்வி.

டயாலிசிஸில் பயப்பட வேண்டிய இடம் இந்த மீதிக் கேள்வியில்தான் இருக்கிறது. கம்பியில் தொங்கும் டிரிப்ஸ் பை காலியானால் சுருங்கிப்போய் நின்றுவிடும், அதற்குப் பின்னால் தள்ளுவதற்கு யாருமில்லை. டயாலிசிஸ் மெஷினிலோ ஒரு பம்ப் இருக்கிறது. நிமிஷத்துக்கு 300 மில்லி என்ற கணக்கில் அது ரத்தத்தை ஓட்டும். குழாயில் வருவது ரத்தமா காற்றா என்பது அதற்குத் தெரியாது. எங்கோ ஓர் இணைப்பு கழன்றால் ஆபத்தான அளவை எட்ட ஒரு நிமிஷம்கூட ஆகாது.

சரி, மூடிய குழாய்க்குள் காற்று எப்படி வருகிறது? பம்புக்கு முந்தைய பகுதியில் ரத்தம் உறிஞ்சப்படுகிறது, அங்கே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடித்துப் பாருங்கள். ஓட்டை வழியே இளநீர் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே வரும். அதே மாதிரி இந்தப் பகுதியில் ஓர் இணைப்பு தளர்ந்தால் ரத்தம் கசிந்து நம்மை எச்சரிக்காது. சத்தமில்லாமல் காற்று ஏறும். பம்புக்குப் பிந்தைய பகுதியில் ஓட்டை விழுந்தால்தான் ரத்தம் வெளியே தெறிக்கும்.

இப்படி வரும் காற்றைப் பிடிக்க, ரத்தம் உடலுக்குத் திரும்பும் வழியில் விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குப்பியை வைத்திருக்கிறார்கள். வெனஸ் சேம்பர் என்று டெக்னீசியன்கள் சொல்வது இதைத்தான். குறுகலான குழாயில் ஓடிவந்த ரத்தம் அகலமான குப்பிக்குள் வேகம் குறைகிறது. அந்த அவகாசத்தில் குமிழ் மேலே ஏறித் தப்பிக்க வேண்டும், ரத்தம் கீழ்வழியே போக வேண்டும். வடிவமைப்பு முழுவதும் இந்தப் பந்தயத்தில் அடங்கியிருக்கிறது.

பந்தயத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று நாமே கணக்குப் போட்டுவிடலாம். குப்பியின் உள்விட்டம் 2 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நிமிஷத்துக்கு 300 மில்லி ஓடினால் அதற்குள் ரத்தம் நொடிக்குச் சுமார் 16 மில்லிமீட்டர் வேகத்தில் இறங்கும். 1 மில்லிமீட்டர் குமிழ் ரத்தத்தில் நொடிக்கு 7, 8 சென்டிமீட்டர் ஏறும், சுலபமாகத் தப்பிவிடும். சின்னக் குமிழ்களின் கணக்கு வேறு. அங்கே விட்டம் பாதியானால் ஏறும் வேகம் கால்வாசியாகிவிடும். 0.3 மில்லிமீட்டர் குமிழ் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் தத்தளிக்கும். 0.1 மில்லிமீட்டர் குமிழின் வேகம் நொடிக்கு ஒன்றரை மில்லிமீட்டர்தான், ரத்தம் அதைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். நாம் கண்டு அலறுகிற குமிழ் பிடிபடுகிறது. கண்ணுக்குத் தெரியாதது நோயாளியோடு வீட்டுக்குப் போகிறது.

குப்பியை இன்னும் அகலமாக்கினால் என்ன என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். விட்டத்தை இரட்டிப்பாக்கினால் ரத்தம் நான்கில் ஒரு பங்கு வேகத்தில் இறங்கும், 0.15 மில்லிமீட்டர் குமிழ்வரை பிடித்துவிடலாம். ஆனால் அந்த அளவுக்குக் கூடுதல் ரத்தம் எந்நேரமும் உடலுக்கு வெளியே நிற்கும், ஏற்கெனவே சோகை பிடித்த நோயாளிக்கு அது சுமை. மெதுவாக நகரும் ரத்தம் மூலைகளில் தேங்கி உறையும். குப்பியின் மேல்பாகத்தில் இருக்கும் காற்றைத் தொட்டுக்கொண்டே இருப்பதும் உறைதலைத் தூண்டும். அதைத் தடுக்க, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் மருந்தைக் கூட்டினால் ரத்தக்கசிவு பயம் வரும். காற்றைப் பிடிக்க வைத்த குப்பியே காற்றை ரத்தத்தோடு சேர்த்து வைத்திருக்கிறது என்பதுதான் இதில் வேடிக்கை.

காற்றே தேவைப்படாதபடி செய்துவிட்டால் என்ன? அதைப் பார்க்கத் திருவனந்தபுரத்துக்கு ஒரு நடை போய்வரலாம். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்களுக்கு ஸ்ரீ சித்திரா ஆஸ்பத்திரியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதன் இன்னொரு பாதி பூஜப்புராவில், திருவிதாங்கூர் அரச குடும்பம் கொடுத்த சாட்டல்மண்ட் அரண்மனையில் இயங்குகிறது. இதய அறுவை மருத்துவரான எம். எஸ். வலியத்தான் தலைமையில் மருத்துவர்களும் பொறியாளர்களும் ஒரே கூரையின் கீழ் கருவிகள் செய்யத் தொடங்கிய இடம் அது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்ட சித்திரா இதய வால்வைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அதைவிட அங்கே உருவான ரத்தப் பை மேல்தான் பிரியம்.

முன்பு ரத்தத்தைக் கண்ணாடிப் பாட்டிலில் வைத்திருந்தார்கள். பாட்டில் சுருங்காது. ரத்தம் இறங்க வேண்டுமென்றால் அதன் இடத்தை நிரப்பக் காற்றை உள்ளே விட்டே ஆக வேண்டும். சீக்கிரம் ஏற்றுவதற்காகக் காற்றை அழுத்தி உள்ளே செலுத்தினால், பாட்டில் காலியானதும் அந்தக் காற்றே சிரைக்குள் போய்விடும் ஆபத்து இருந்தது. பிளாஸ்டிக் பை ரத்தம் குறையக் குறையத் தானே சுருங்குகிறது. காற்றுக்கு அங்கே வேலையே இல்லை, பிடிக்கக் குப்பியும் வேண்டாம். சித்திராவின் தொழில்நுட்பத்தை வாங்கி அதே ஊரில் தொடங்கிய பென்பால் நிறுவனம் இன்று டெருமோ பென்பால் என்ற பெயரில் உலகின் பெரிய ரத்தப் பை உற்பத்தியாளர்களில் ஒன்று.

டயாலிசிஸ் குழாயும் மெல்ல அந்தப் பாதைக்குத்தான் வருகிறது. காற்று இடைவெளியே இல்லாமல் முழுக்க ரத்தம் நிரம்பிய சேம்பர்கள் வந்துவிட்டன. சில வடிவங்களில் ரத்தம் பக்கவாட்டில் நுழைந்து சுழன்றபடி இறங்கும். கனமான ரத்தம் ஓரத்துக்கு ஒதுங்க, லேசான குமிழ்கள் நடுவில் கூடி மேலேறும். காற்றை மட்டும் வெளியே விட்டு ரத்தத்தைத் தடுக்கும் நுண்துளைச் சவ்வுகளும் உண்டு. எல்லாமே விலையோடு மோத வேண்டியிருக்கிறது. வாரம் மூன்று தடவை மாற்றிப் போடும் பொருளில் பத்து ரூபாய் கூடினாலும் ஆஸ்பத்திரி யோசிக்கும்.

குப்பியைத் தாண்டியதும் கடைசிக் காவல் ஒன்று இருக்கிறது. குழாயின் ஒரு பக்கத்திலிருந்து காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி மறுபக்கம் வாங்குகிறார்கள். ரத்தத்தை ஒலி எளிதாகக் கடக்கும், காற்று வந்தால் தடைபடும். உடனே பம்ப் நிற்கும், கவ்வி ஒன்று குழாயை இறுக்கிப் பிடிக்கும், அலாரம் கத்தும். நுண்குமிழுக்கெல்லாம் கத்தும்படி அமைத்தால் நாலு மணி நேரச் சிகிச்சை நாற்பது தடவை நிற்கும், நின்ற ரத்தம் உறையும். அதனால் மிகச் சின்னக் குமிழ்களை இந்தக் காவல் கண்டுகொள்வதில்லை.

அவை என்ன ஆகின்றன என்று சுவீடனின் உமியோவில் பெர்ன்ட் ஸ்டெக்மைரின் குழு பல ஆண்டுகள் தேடியது. அலாரம் அடிக்காதபோதும் நுண்குமிழ்கள் உடலுக்குள் போவதைக் கண்டார்கள். இறந்த டயாலிசிஸ் நோயாளிகளின் நுரையீரலிலும் மூளையிலும்கூட, உறைவு சுற்றிய குமிழ்களைப் பார்த்தார்கள். ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே சிறு திறப்பு மூடாமலே இருக்கும், நுரையீரலைச் சுற்றிக்கொண்டு போக அது ஒரு குறுக்குவழி. வருஷத்துக்கு 156 அமர்வு என்று கணக்கிட்டால் இது அலட்சியப்படுத்தும் விஷயமாக எனக்குப் படவில்லை. அந்தக் குழு கண்ட இன்னொன்றுக்குச் செலவே கிடையாது. சேம்பரில் ரத்த மட்டத்தை உயரமாக வைத்தாலே உள்ளே போகும் நுண்குமிழ்கள் குறைகின்றன.

ஆகவே அடுத்த தடவை துணைக்குப் போனால் குழாயில் ஓடும் ஒற்றைக் குமிழை விட்டுவிட்டுக் குப்பியைப் பாருங்கள். மட்டம் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் டெக்னீசியனிடம் சொல்லுங்கள். தொடங்குமுன் அவர் ரத்தத்தை வடிகட்டும் டயலைசரைத் தட்டித் தட்டிப் பார்ப்பது இழைகளில் ஒட்டிய காற்றை விரட்டத்தான், அவசரப்படுத்தாதீர்கள். கழுத்தில் கதீட்டர் உள்ளவர் வீட்டில் அதன் மூடியைத் தொடவே கூடாது, ஒரு மூச்சு இழுப்பே காற்றை உள்ளே கொண்டுபோய்விடும். அலாரம் கத்தினால் சத்தத்தை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள், எதற்குக் கத்துகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.