ஒரு துளியில் உண்மை தெரியுமா?

‘நம் உணவை யார் சோதிப்பது?’ என்பது இன்றைய கருத்தரங்கின் கேள்வி. ஜித்ராவிலிருந்து வந்திருக்கும் நான், எங்கள் கெடா மாநிலத்துச் சம்பவம் ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

2018-ஆம் ஆண்டு பாலிங் வட்டாரத்தில் லக்சா சாப்பிட்ட பலர் நோயுற்றனர், இருவர் மாண்டனர். சால்மோனெல்லா கிருமியே காரணம் என்று சுகாதாரத் துறை அறிவித்தது. இக்கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து உறுதிப்படுத்தச் சில நாட்கள் பிடிக்கும். வயிறு அத்தனை நாள் காத்திருக்குமா?

இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் மின்வேதி உயிர் உணரிகள் வந்துள்ளன. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். இனிப்பு நீர் உள்ளவர்கள் விரலில் குத்தி ஒரு துளி இரத்தத்தை வைத்துப் பார்க்கும் கருவி, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இதற்கு அடிப்படையான மின்முனையை 1962-இல் அமெரிக்காவின் கிளார்க், லயன்ஸ் இருவரும் அறிவித்தனர். பட்டையில் உள்ள நொதி, சர்க்கரையை மட்டும் தேடிப் பிடித்து அதிலிருந்து மின்னணுக்களைப் பிரிக்கும். சர்க்கரை கூடினால் மின்னோட்டமும் கூடும். கருவி அதை எண்ணாகக் காட்டுகிறது.

நொதியை மாற்றினால் தேடும் பொருளும் மாறும். நெல்வயல்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் அடிக்கப்படும் மாலத்தியான் போன்ற பூச்சிமருந்துகள், நரம்புக்குத் தேவையான ஒரு நொதியை முடக்குபவை. அதே நொதியைப் பட்டையில் பூசிவிட்டால், மருந்து பட்டதும் மின்னோட்டம் குறையும். குறைந்த அளவைக் கொண்டு நஞ்சின் அளவைக் கணிக்கலாம். பாலில் தங்கும் பெனிசிலின், கச்சானில் பூஞ்சை விடும் அஃப்லடாக்சின் ஆகியவற்றைப் பிடிக்க, அவற்றோடு மட்டும் ஒட்டும் எதிர்ப்புப் புரதங்களைப் பயன்படுத்துகிறார்கள்.

அப்படியானால் ஆளுக்கொரு கருவி வாங்கிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். இரத்தம் யாரிடம் எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே தன்மையுடையது. உணவோ எண்ணெய், புளி, மிளகாய், தேங்காய்ப்பால் எல்லாம் கலந்தது. இவை மின்முனையைக் குழப்பிவிடும். தட்டில் கிருமி கொஞ்சமாக இருந்தால், முதலில் அதைப் பெருக்கித்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, பட்டை கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். 1988-இல் பேராக்கில் மீ வகை உணவு உண்ட 13 குழந்தைகள் இறந்தபோது, அஃப்லடாக்சின் மீதும் போரிக் அமிலத்தின் மீதும் சந்தேகம் விழுந்தது. ஒன்றைத் தேடும் பட்டை மற்றொன்றைக் காட்டாது. ‘நஞ்சு இல்லை’ என்று அது சொல்வதில்லை. ‘நான் தேடிய நஞ்சு இல்லை’ என்றே சொல்கிறது.

ஆகவே இக்கருவிகள் தொழிற்சாலை வாசலிலும் சந்தையிலும் அதிகாரிகளின் கையில் இருப்பதே பயன். சந்தேகப்படும் சரக்கை அங்கேயே நிறுத்தி, ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பி உறுதி செய்யலாம். வீட்டில் நம் கடமை வேறு. உணவை நன்றாகச் சூடாக்குங்கள். ஒரே உணவை உண்ட பலருக்கு வயிற்றுப்போக்கு என்றால், மிச்சத்தைக் கொட்டிவிடாமல் மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, மாவட்டச் சுகாதார அலுவலகத்திற்கு உடனே தெரிவியுங்கள். அந்த மிச்சம் அடுத்த வீட்டுப் பிள்ளையைக் காப்பாற்றக்கூடும்.