கதை ஓகே ஆயிடுச்சு, வேலையை விடலாமா? திரைக்கதை எழுத விரும்புறவங்களுக்கு ஒரு கணக்கு



"சார், ஐடில 6 வருஷம் சர்வீஸ். ஒரு தயாரிப்பாளர்கிட்ட கதை சொன்னேன், ஓகே சொல்லிட்டார். பேப்பர் போட்டுடலாமா?" இந்த மாதிரி கேள்வி இப்போ நிறைய வருது. நேரடியா பதில் சொல்லிடுறேன். "ஓகே"ங்கிறது வருமானம் இல்லை. கையெழுத்தான ஒப்பந்தமும், உங்க அக்கவுன்ட்ல ஏறின தவணையும்தான் வருமானம்.

எழுத்தாளர் சுஜாதாவை எடுத்துக்கோங்க. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ்ல இன்ஜினியரா இருந்துக்கிட்டேதான் எழுதினார். அவர் நாவல்களை வெச்சு 'காயத்ரி' 1977லயும், 'ப்ரியா' 1978லயும் படமா வந்தப்போ அவர் சம்பளக்காரர்தான். உங்களுக்கு இன்னிக்குக் கிடைக்கிற முதல் தயாரிப்பாளர் உங்க ஆபீஸ்தான்!

தொழிலைக் கத்துக்கவும் வேலையை விடணும்னு இல்லை. வழக்கமான ஃபார்மட்ல ஒரு பக்கம் சுமாரா ஒரு நிமிஷப் படம். 2 மணி நேரப் படம்னா 120 பக்கம். தினம் ஒரு பக்கம்னா 4 மாசத்துல முதல் டிராஃப்ட் முடியும். அது விக்காது. திருத்தி எழுதுற மூணாவது, நாலாவது டிராஃப்ட்தான் விக்கும், அதனால ஒரு வருஷம்னு கணக்கு வெச்சுக்கோங்க. பிடிச்ச ஒரு படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து சீன் ஆர்டர் எழுதிப் பாருங்க. பைசா செலவில்லாத பயிற்சி இது. நம்ம ஊர்ல கதையைப் படிச்சு வாங்குறவங்களை விட காதால கேட்டு வாங்குறவங்கதான் அதிகம். அதனால 2 மணி நேரம் தொய்வில்லாம கதை சொல்லவும் பழகணும். போன்ல ரெக்கார்ட் பண்ணிக் கேளுங்க, எங்க போரடிக்குதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

சரி, இப்போ என் ஏரியாவுக்கு வர்றேன். ஒரு உதாரணம். 6 லட்சம்னு பேசுறீங்க. கையெழுத்துப் போடும்போது 1 லட்சம், டிராஃப்ட் கொடுத்ததும் 1 லட்சம், ஷூட்டிங் ஆரம்பிச்சதும் 2 லட்சம், ரிலீஸுக்கு முன்னாடி 2 லட்சம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஹீரோ தேதி கிடைக்கலைன்னு ஷூட்டிங்கே ஆரம்பிக்கலைன்னு வைங்க. 2 வருஷத்துல கைக்கு வந்தது 2 லட்சம். அதுல 10% டிடிஎஸ் போக மாசத்துக்கு 7,500 ரூபாய். பெரும்பாலானவங்களுக்கு வீட்டு வாடகைக்கே பத்தாது. நான் சொல்றது, மொத்தத் தொகையைக் கூட்டச் சொல்லி மல்லுக்கட்டாதீங்க. உங்க கையில இருக்கிற கட்டங்களுக்கு, அதாவது கையெழுத்துக்கும் டிராஃப்டுக்கும், பாதிக்கு மேல வர்ற மாதிரி தவணையை மாத்தச் சொல்லுங்க.

ஒப்பந்தத்துல நீங்க விக்கிறது பேப்பரை இல்லை, உரிமையை. 1957 காப்புரிமைச் சட்டத்துப்படி உரிமையை எழுத்துலதான் மாத்தித் தர முடியும். எத்தனை வருஷத்துக்குன்னு எழுதலைன்னா 5 வருஷம், எந்த நாட்டுக்குன்னு எழுதலைன்னா இந்தியா மட்டும். ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலைன்னா, வாங்கினவர் ஒரு வருஷத்துக்குள்ள அந்த உரிமையைப் பயன்படுத்தாட்டி அது காலாவதியாகி உங்ககிட்டயே திரும்பிடும். இதனாலதான் பல ஒப்பந்தங்கள்ல "உலகம் முழுதும், நிரந்தரமாக"ன்னு ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் பார்த்தா ரீமேக், டப்பிங், வெப் சீரிஸுக்குத் தனித்தனியா விலை கேளுங்க.

கதை சொல்லப் போறதுக்கு முன்னாடி பதிவு பண்ணிடுங்க. சென்னையில தென்னிந்திய திரைப்பட எழுத்தாளர்கள் சங்கம் இருக்கு, மும்பைல ஸ்கிரீன்ரைட்டர்ஸ் அசோசியேஷன் இருக்கு. 2018ல 'சர்கார்' ரிலீஸுக்கு முன்னாடி வருண் ராஜேந்திரன் உரிமை கேட்டு உயர் நீதிமன்றம் வரை போனதும், அது சமரசத்துல முடிஞ்சதும் ஞாபகம் இருக்கும். அவர் கையில இருந்த பலம், 2007லயே சங்கத்துல பதிஞ்சு வெச்ச 'செங்கோல்' கதை. ஒரு விஷயம் மட்டும் மறந்துடாதீங்க. வெறும் ஐடியாவுக்குக் காப்புரிமை கிடையாதுன்னு உச்ச நீதிமன்றம் 1978லயே சொல்லியாச்சு. ஒன்லைனை மட்டும் பதிஞ்சா பிரயோஜனம் கம்மி. சீன் சீனா எழுதினதைப் பதியுங்க.

வரி. எழுதி வர்ற பணம் சம்பளம் இல்லை, தொழில் வருமானம். அதனால ஐடிஆர்-1 போட முடியாது. நல்ல செய்தி என்னன்னா, கதாசிரியர், திரைக்கதை ஆசிரியர், வசனகர்த்தா மூணு பேருமே 'சினிமா கலைஞர்' பட்டியல்ல வர்றாங்க. அதனால 44ஏடிஏ பிரிவுல வந்த பணத்துல பாதியை லாபம்னு காட்டி, கணக்குப் புத்தகம் எழுதாம ஐடிஆர்-4 போடலாம். (2026 ஏப்ரல்ல இருந்து புதுச் சட்டம், பிரிவு எண் மாறும்.) மேல சொன்ன உதாரணத்துல ஒரே வருஷத்துல 2 லட்சம் வந்தா, 1 லட்சம்தான் உங்க சம்பளத்தோட சேரும். பல பேர் கவனிக்காத இடம் ஒண்ணு இருக்கு. சம்பளம் மட்டும் இருக்கிற வரைக்கும் பழைய முறை, புது முறைன்னு வருஷா வருஷம் மாத்திக்கலாம். தொழில் வருமானம் வந்துட்டா அந்த வசதி போயிடும். பழைய முறைக்குப் போய்ட்டு ஒரே ஒரு தடவைதான் புது முறைக்குத் திரும்ப முடியும். ஹவுசிங் லோன் இருக்கிறவங்க இதைக் கணக்குப் போட்டுட்டு முடிவெடுங்க.

இன்னிக்கு ராத்திரி உங்க ஆஃபர் லெட்டரை எடுத்துப் படிங்க. வெளி வேலைக்கு முன் அனுமதி வேணும்னு இருந்தா, ஹெச்ஆர்கிட்ட மெயில்லயே கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க. ஆபீஸ் லேப்டாப்ல ஒரு சீன் கூட டைப் பண்ணாதீங்க.

எப்போதான் பேப்பர் போடலாம்? என் அளவுகோல் இது. ரெண்டாவது ஒப்பந்தம் கையெழுத்தாகணும். ஈஎம்ஐ சேர்த்து 12 மாசச் செலவு எஃப்டில இருக்கணும். ஆபீஸ் இன்சூரன்ஸ் ரிசைன் பண்ணா போயிடும், அதனால சொந்த மெடிக்கல் பாலிசி எடுத்து அதோட காத்திருப்புக் காலமும் ஓட ஆரம்பிச்சிருக்கணும். முதல் ஒப்பந்தத்தோட கடைசித் தவணையை இந்த லிஸ்ட்ல சேர்க்கவே இல்லை, பார்த்தீங்களா? அது வந்தா போனஸ்னு வெச்சுக்கோங்க.