குழாயினுள் வளரும் கொடி

இயந்திரம் என்றவுடன் இரும்பும் எஃகும் பற்சக்கரங்களுமே நம் மனக்கண்முன் தோன்றும். ஆனால் ரப்பராலும் மெல்லிய பிளாஸ்டிக் தாளாலும் ஆன இயந்திரங்களும் இன்று உண்டு. விஞ்ஞானிகள் ‘சாஃப்ட் ரோபாட்’ என வழங்கும் இவற்றுக்குத் தமிழ்ப் பெயர் தேடியபோது, ‘மென்னுடல் இயந்திரம்’ என்பதே நமக்குப் பொருத்தமாகத் தோன்றிற்று. மனிதன் புகத்தகாத குழாய்களைச் சோதித்துப் பார்ப்பதற்கு இவை ஏற்றவை.

புகத்தகாதது என்பது ஏன்? சாக்கடையில் கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு உண்டாகிறது. முதலில் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். வாயு மிகுந்துவிட்டாலோ மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. அபாயம் நீங்கிற்று என்றெண்ணி இறங்குகிறவர் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுகிறார். நாம் வாழும் நகரங்களில் இத்தகைய செய்தியைப் பன்முறை படித்திருக்கிறோம்.

2017-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கொடிபோல் வளரும் இயந்திரம் ஒன்றை வெளியிட்டனர். அதன் தத்துவம் எளிது. உட்புறமாகத் திரும்பிக்கொண்ட சட்டைக் கையை வெளியே தள்ளிவிடுகிறோமல்லவா? அதைப்போலவே, உள்மடிந்த நீண்ட பிளாஸ்டிக் குழலுள் காற்றைச் செலுத்தினால், மடிந்த பகுதி நுனி வழியே வெளிவந்து விரிகிறது. நுனி மட்டுமே முன்னேறும்; விரிந்த உடல் எதனோடும் உராயாமல் கிடந்த இடத்திலேயே கிடக்கும். ஆதலால் பசை தடவிய பாதையையும் ஆணிகள் நிறைந்த பாதையையும் அது கடந்தது. 72 மீட்டர் வரை நீண்டது. நுனியில் காமிராவையும் சுமக்க வல்லது.

எனினும், இக்கொடி கண்ணேயன்றிக் கை அன்று. அடைப்பு இருக்குமிடத்தைக் காட்டுமே தவிர அள்ளாது. அள்ளுவதற்கும் இயந்திரம் உண்டு. 2018-இல் திருவனந்தபுரத்தில் பணிக்கு வந்த ‘பாண்டிகூட்’, மேலே நிற்பவர் இயக்க, சாக்கடைக் குழிக்குள் இறங்கிக் கழிவை அள்ளுகிறது.

தக்க பாதுகாப்பின்றி ஆளைச் சாக்கடையில் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அவ்வாறு இறந்தவரின் குடும்பத்துக்கு 30 இலட்சம் ரூபாய் வழங்குமாறு 2023-இல் உச்ச நீதிமன்றம் பணித்தது. பணம் போன உயிரை மீட்காது. நம் தெருவில் ஒருவர் இடுப்பில் கயிறு கட்டி இறங்க முற்படும்போது, “இயந்திரம் எங்கே?” என்று நகராட்சியைக் கேட்பது, எம்மாநிலத்தில் வாழ்ந்தாலும் நம் கடமையாகும்.