சிக்னஸ் ஏ: இத்தனை ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

சாதாரண விண்மீன் மண்டலம் ஒன்று வெளியிடும் ஆற்றலில் பெரும்பகுதி அதன் நட்சத்திரங்களின் ஒளிதான். ரேடியோ மண்டலங்களின் கதை வேறு. அவற்றின் ரேடியோ அலைகளில் பெரும்பங்கு, நட்சத்திரக் கூட்டத்தைத் தாண்டிய வெளியிலிருந்து வருகிறது. சிக்னஸ் ஏ இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு.

இங்கிலாந்தின் ஹே குழுவினர் 1946இல் இதைத் தனியொரு ரேடியோ மூலமாக இனங்கண்டனர். 1951இல் கேம்பிரிட்ஜின் கிரகாம் ஸ்மித் அதன் இடத்தைத் துல்லியமாக அளந்தார். அந்த இடத்தைப் பாலோமர் தொலைநோக்கியால் ஆராய்ந்த வானியலாளர்கள் பாடேயும் மின்கோவ்ஸ்கியும் கண்டது, மங்கலான ஒரு விண்மீன் மண்டலம். அதன் தொலைவு சுமார் 75 கோடி ஒளியாண்டு. அவ்வளவு தூரத்திலிருந்தும் வலுவாகக் கேட்க வேண்டுமானால், அதன் ரேடியோ திறன் பால்வீதியைப்போல் பல லட்சம் மடங்கு இருந்தாக வேண்டும். இரண்டு மண்டலங்கள் மோதுகின்றன என்று பாடே கருதினார். அந்த விளக்கம் நிலைக்கவில்லை.

1953இல் ஜோட்ரல் பேங்க் ஆய்வகத்தில் ஜெனிசனும் இந்தியரான தாஸ் குப்தாவும் அலைகள் மண்டலத்தின் இரு பக்கங்களிலும் உள்ள இரண்டு பகுதிகளிலிருந்து வருவதைக் காட்டினர். இன்று மடல்கள் எனப்படும் இவை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சுமார் 4 லட்சம் ஒளியாண்டு நீண்டிருக்கின்றன. ஒளியின் வேகத்தை நெருங்கும் எலக்ட்ரான்கள் அங்குள்ள காந்தப்புலத்தில் சுருள் சுருளாகச் சுழலும்போது ரேடியோ அலைகளை உமிழ்கின்றன. இதுவே சின்க்ரோட்ரான் கதிர்வீச்சு.

மடல்களில் தேங்கியுள்ள ஆற்றலை 1950களின் இறுதியில் வானியற்பியலாளர் ஜெஃப்ரி பர்பிட்ஜ் கணக்கிட்டபோது கிடைத்த விடை திகைக்க வைத்தது. நட்சத்திரங்களில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணையும்போது நிறையில் 0.7 சதவீதம்தான் ஆற்றலாகிறது. எனவே நட்சத்திரங்களைக் கொண்டு அந்தக் கணக்கை நேர்செய்வது கடினம். மாறாக, கருந்துளையை நோக்கி விழும் வாயு, வட்டாகச் சுழன்று சூடேறும்போது, சுழலாத கருந்துளையிலேயே நிறையில் சுமார் 6 சதவீதம் ஆற்றலாக வெளிப்படும். வேகமாகச் சுழலும் கருந்துளையில் 40 சதவீதத்தையும் எட்டலாம். சிக்னஸ் ஏ மையத்திலுள்ள கருந்துளையின் நிறை சுமார் 250 கோடி சூரியன்களுக்குச் சமம்.

வாயு விழும்போது வெளிப்படும் ஆற்றலில் ஒரு பங்கு, எதிரெதிர்த் திசைகளில் பாயும் இரண்டு மெல்லிய தாரைகளாக வெளியேறுகிறது. காந்தப்புலமே அவற்றை உந்தி ஒடுக்குகிறது என்பது பரவலான கருத்து. மண்டலங்களுக்கிடையே உள்ள வாயுவில் தாரை மோதி நிற்கும் முனை பிரகாசமாகிறது. மோதலில் வேகமூட்டப்பட்ட துகள்கள் பின்னோக்கிப் பரவி மடலை நிரப்புகின்றன. அமெரிக்காவின் விஎல்ஏ தொலைநோக்கி 1980களில் எடுத்த படம், மையத்திலிருந்து மடலுக்குச் செல்லும் தாரையைத் தெளிவாகக் காட்டியது. தாரைகள் சுற்றியுள்ள வெப்பவாயுவில் குடைந்த பள்ளங்களைச் சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கி கண்டது.

சிக்னஸ் ஏ-யின் தாரைகளை நாம் பக்கவாட்டில் பார்க்கிறோம். மையத்தைத் தூசி மறைக்கிறது. சாய்கோணத்தில் பார்த்தால் அதுபோன்ற மண்டலம் குவாசாராகவும், தாரை நேராக நம்மை நோக்கினால் பிளேசாராகவும் தெரியும். வெவ்வேறு பொருள்களாக எண்ணப்பட்ட இவற்றில் பலவும், பார்க்கும் கோணத்தால் வேறுபட்டுத் தோன்றும் ஒரே வகை இயந்திரங்கள் என்பதே இன்றைய வானியலாளர்கள் பெரும்பாலோரின் முடிவு.