"நீ விடு, நானே பார்த்துக்கிறேன்!"

தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கும். அதற்குள் சுங்கை பினாங் அடுக்குமாடி வீடுகளில் பலகாரம் செய்து விற்கும் பெண்கள் சிலர் வாட்ஸ்அப்பில் அறிவிப்புப் போட்டுவிடுவார்கள்: "ஆர்டர் முடிந்தது, மன்னிக்கவும்." கேட்பதற்கு ஆள் இருக்கிறது. மாவும் எண்ணெயும் வாங்கப் பணம் இருக்கிறது. அடுப்பும் பாதி நாள் சும்மாதான் கிடக்கிறது. ஆனால் ஒருவர் கையால் ஒரு நாளைக்கு எவ்வளவு பிழிய முடியுமோ அவ்வளவுதான் முறுக்கு.

உதவிக்கு ஆள் இல்லாமலா? மகள் கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவள் அச்சைக் கையில் எடுத்தால், "நீ பிழிஞ்சா ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசா வரும். நீ விடு, நானே பார்த்துக்கிறேன்" என்கிறார் அம்மா. இரண்டு முறை இதைக் கேட்ட பிள்ளை மூன்றாம் முறை அடுப்பங்கரைப் பக்கமே வராது.

முறுக்கு ஓர் உதாரணம்தான். ரவிக்கை தைப்பவர், மணப்பெண் அலங்காரம் செய்பவர், கார் பட்டறை நடத்துபவர், நான்கு பேரை வைத்துக் கணக்கு அலுவலகம் நடத்தும் இளைஞர் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சு: "நான் இல்லாட்டி கடை ஓடாதுங்க." இதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை தொனிக்கிறது. உண்மையில் அது கவலைப்பட வேண்டிய செய்தி. அந்த ஒருவருக்கு டெங்கிக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்தால் பத்து நாளும் கதவு சாத்தியிருக்கும். வாடிக்கையாளர் பொறுமையாகக் காத்திருப்பார் என்பது நிச்சயமில்லை. கடை வாடகை நிச்சயமாகக் காத்திருக்காது.

கடன் கிடைத்தால் வளர்ந்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தியச் சமூகத்தின் சிறுதொழில்களுக்கென்றே தெக்குன் நேஷனலில் ஸ்பூமி கடன் திட்டம் இருக்கிறது. அதை வாங்கி இரண்டாவது அடுப்பு வாங்கலாம். ஆனால் இரண்டாவது அடுப்பின் முன்னால் யாரையும் நிற்க விடாத முதலாளிக்கு அந்த அடுப்பினால் என்ன பயன்? தவணை மட்டும் கூடும்.

தோள் தாங்கும் அளவு

பினாங்குக்காரர்களுக்கு இதை விளக்க நாசி கண்டாரைவிட நல்ல கதை வேண்டாம். 'கண்டார்' என்பது தோளில் ஒரு கம்பை வைத்து இரு முனையிலும் சுமையைத் தொங்கவிட்டுத் தூக்குவது. நம் காவடிதான். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் கறியுமாகச் சுமந்து, துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றார்கள். அன்று வியாபாரத்தின் அளவை அந்தத் தோள்தான் தீர்மானித்தது. தோள் வலித்தால் அன்றைக்கு விற்பனை இல்லை.

அந்தக் காவடி என்றைக்கு இறங்கிக் கடையானதோ, அன்றே ஒருவர் சமைக்க, ஒருவர் பரிமாற, ஒருவர் கல்லாவில் உட்கார என்று வேலை பிரிந்தது. லெபோ கேம்பலில் உள்ள ஹமீடியா 1907இல் தொடங்கியது. நூறாண்டு தாண்டியும் நடக்கிறது. ஒரே கையை நம்பியிருந்த எந்தக் கடையும் இத்தனை காலம் நிற்க முடியாது. இத்தகைய கடைகளில் மசாலாக் கலவை குடும்ப ரகசியமாக இருப்பதில் தப்பில்லை. ஆனால் சோறு வடிப்பதும், கோழி வெட்டுவதும், மேசை துடைப்பதும் குடும்ப ரகசியம் அல்லவே! நம்மில் பலர் இந்த இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு திரிகிறோம்.

"என் வேலையில் தப்பு நடக்கவே கூடாது, அதனால்தான் மற்றவரிடம் தருவதில்லை" என்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான அச்சம்தான். அவர்களுக்காகவே மதுரைக்கு ஒரு நடை போய் வரலாம். தப்பு நடக்கவே கூடாத வேலை என்றால் கண் அறுவைச் சிகிச்சையைவிட வேறென்ன இருக்கிறது?

எட்டயபுரம் அருகே வடமலாபுரத்தில் 1918இல் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. எல்லோரும் 'டாக்டர் வி' என்பார்கள். மகப்பேறு மருத்துவராக ஆசைப்பட்டவர். முப்பது வயதை ஒட்டி முடக்குவாதம் தாக்கி விரல்கள் வளைந்துபோயின. அந்த விரல்களை வைத்துக்கொண்டே கண் மருத்துவம் பயின்று, கத்தியைப் பிடிக்கப் பழகி, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

இப்படிப்பட்டவர் "என் கையைப் போல வருமா" என்று சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்க முடியாது. அவர் வேறு கேள்வி கேட்டார். நோயாளி வாசலில் நுழைவது முதல் வீடு திரும்புவது வரை உள்ள வேலைகளில் அறுவை மருத்துவரின் கை கட்டாயம் தேவைப்படுவது எது? பார்வை அளப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, நோயாளியிடம் பேசித் தைரியம் சொல்வது, அறுவைக்குத் தயார்செய்வது, முடிந்ததும் கட்டுப் போடுவது எல்லாமே வேறொருவர் கற்றுக்கொள்ளக் கூடியவை. அறுவை மட்டும்தான் மருத்துவருக்கு.

அந்த மற்ற வேலைகளுக்குப் பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு ஆண்டுப் பயிற்சி. ஒவ்வொருவரும் தன் வேலையை நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்வதால் அதில் கைதேர்ந்தவராகிவிடுகிறார். அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசை. ஒரு மேசையில் சிகிச்சை முடியும்போது அடுத்த மேசையில் நோயாளி தயாராக இருப்பார். மருத்துவர் திரும்பி உட்கார வேண்டியதுதான். இதனால் அங்கே ஒரு மருத்துவர் ஆண்டுக்குச் சுமார் 2,000 அறுவைகள் வரை செய்ய முடிந்தது. மற்ற இடங்களில் சராசரி சில நூறுகள்தான். தரம்? இங்கிலாந்து மருத்துவமனைகளோடு ஒப்பிட்டபோதும் பின்தங்கவில்லை. நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை பெறுகிறார்கள்.

அமெரிக்காவின் மெக்டொனால்ட்ஸ் கடைகளைப் பார்த்துத்தான் டாக்டர் விக்கு இந்த யோசனை வலுப்பட்டது. எந்த ஊர் கடையில் யார் செய்தாலும் ஒரே மாதிரி வருகிறதே, அதெப்படி என்று வியந்தார். பர்கரிலிருந்து கண்புரைக்குப் பாடம் எடுத்தவர் அவர். கண்புரையிலிருந்து முறுக்குக்கு நாம் பாடம் எடுக்கக் கூடாதா?

2006இல் அவர் காலமானார். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பொறுப்புகள் தங்கை டாக்டர் நாச்சியார், மைத்துனர் டாக்டர் நம்பெருமாள்சாமி போன்றோர் கைகளுக்குப் போயிருந்தன. மருத்துவமனை நிற்கவில்லை, மேலும் பல ஊர்களுக்குப் பரவியது.

வீட்டுக்குள்ளேயே இருக்கும் வித்தை

இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். சுங்கை பினாங் வீடுகளிலிருந்து தினமும் காலையில் எத்தனை பிள்ளைகள் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறார்கள்! 1972இல் இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை அங்கேதான் திறந்தது. அங்கே எந்த வேலைக்கும் எஸ்ஓபி உண்டு: எதை, எந்த வரிசையில், எந்த அளவில் செய்வது, எப்படி இருந்தால் ஒதுக்குவது என்று எழுதியிருக்கும். நேற்று சேர்ந்தவரும் அதைப் பார்த்துச் செய்வார். அந்தப் பிள்ளை மாலையில் வீடு திரும்பினால், அம்மாவின் பலகாரத் தொழிலில் ஒரு வரிகூட எழுதப்படவில்லை. "கண்ணளவுதான்!"

அம்மாவும் பிள்ளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து உட்கார்ந்தால் போதும். அம்மா கண்ணளவில் அள்ளிப் போடும் மாவையும் உளுந்தையும் வெண்ணெயையும் பிள்ளை தராசில் நிறுத்து எழுதட்டும். மாவின் பதமும் எண்ணெயின் சூடும் அம்மா பொறுப்பிலேயே இருக்கட்டும். பிழிவது, ஆறவைப்பது, டப்பாவில் அடைப்பது, ஒட்டுத்தாள் ஒட்டுவது, பணம் வந்ததா என்று பார்ப்பது ஆகியவற்றில் அம்மாவின் கை எதற்கு?

நிர்வாக நூல்களில் ஓர் அறிவுரை அடிக்கடி வரும்: மற்றவர் உங்களில் 80 விழுக்காடு நன்றாகச் செய்தால் போதும், ஒப்படைத்துவிடுங்கள் என்று. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. உப்பு 80 விழுக்காடு சரியாக இருந்தால் அந்தச் சாம்பாரை யார் சாப்பிடுவது? சில விஷயங்களில் முழுமை வேண்டும்தான். ஆனால் முறுக்கின் ஒரு சுற்று பெரிதாகவும் இன்னொன்று சிறிதாகவும் இருந்தால் யாரும் திருப்பித் தரப்போவதில்லை. இரண்டுக்கும் ஒரே கண்டிப்பைக் காட்டுவதால்தான் ஆளும் நிற்பதில்லை, உடம்பும் தாங்குவதில்லை.

ஒப்படைத்துவிட்டுப் பின்னாலேயே நிற்பவர்களும் உண்டு. ஊழியர் கட்டிய பொட்டலத்தை அவர் கண்ணெதிரிலேயே அவிழ்த்து மறுபடி கட்டுவார்கள். இதற்கு ஒப்படைக்காமலே இருந்திருக்கலாம். நாளைக்கு அந்த ஊழியர் அரைகுறையாகத்தான் கட்டுவார். எப்படியும் முதலாளி அவிழ்க்கப் போகிறாரே! தப்பு இருந்தால் தனியாகக் கூப்பிட்டு, எது தப்பு என்று சொல்லி, அவர் கையாலேயே திருத்தச் சொல்ல வேண்டும். அன்று பத்து நிமிடம் வீணாகும். பரவாயில்லை.

கல்லாவைத் தருவதுதான் கடைசிக் கஷ்டம். பொறுப்பை மட்டும் தந்து, ஐம்பது வெள்ளிக்கு எரிவாயு வாங்கக்கூட போன் போட்டுக் கேட்க வைத்தால் அது பொறுப்பாகாது. இவ்வளவு வரை நீங்களே முடிவு செய்யலாம் என்று ஒரு வரம்பு சொல்லிவிட வேண்டும். தினமும் இரவில் கணக்கு ஒப்பிடுவது சந்தேகத்தால் அல்ல என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. சம்பளமும் அந்தப் பொறுப்புக்கு ஏற்ப உயர வேண்டும். அது இல்லாமல் விசுவாசத்தை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பழகிப் பார்க்க விரும்புவோர் முதல் விடுமுறையை வாரக் கடைசியில் எடுக்க வேண்டாம். செவ்வாய் போன்ற மந்தமான நாள் போதும். அன்று போனை அணைத்துவிட்டுத் தண்ணீர்மலைப் படிகள் ஏறலாம். 500க்கும் மேற்பட்ட படிகள். பாதியில் போன் செய்யலாம் என்று தோன்றினாலும் பேச மூச்சு இருக்காது. மாலையில் கடைக்குத் திரும்பியதும், "இன்னைக்கு என்ன பிரச்சினை வந்துச்சு, எப்படிச் சமாளிச்சீங்க?" என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கும் வரை சமையற்கட்டுப் பக்கம் போகாதீர்கள்.