குண்டு போன தூரம்

கடலூரில் ‘குண்டு சாலை’ என்று ஒன்று உண்டு. வெளியூர்க்காரர்கள் குண்டும் குழியுமான சாலை போலிருக்கிறது என்று சிரிப்பார்கள். பக்கத்திலேயே ‘குண்டு உப்பலவாடி’ என்ற ஊரும் இருக்கிறது. இந்தக் குண்டு வேறு.

குண்டு மல்லி, குண்டு மிளகாய், குண்டுச்சட்டி, குண்டு பல்பு. தமிழில் திரண்டு உருண்டதற்கெல்லாம் இந்த அடைமொழிதான். வட்டம் தட்டையானது, அப்பளம் வட்டம், பணியாரம் குண்டு. பீரங்கியிலிருந்து பாயும் இரும்பு உருண்டைக்கும் குண்டு என்றே பெயர். கடலூரில் அந்த உருண்டை ஒரு வட்டம் போட்டது.

1690இல் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. சென்னையில் அப்போது எலிஹு யேல் கவர்னர். கோட்டையிலிருந்து சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்களும் கம்பெனிக்கே என்பது ஏற்பாடு. கம்பெனியார் குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுகிற ரகமா என்ன? இருப்பதிலேயே அதிக தூரம் சுடும் பீரங்கியாகப் பார்த்து வரவழைத்தார்கள்.

தரையில் ஆணியடித்து, கயிறு கட்டிச் சுற்றிவந்தால் வட்டம் கிடைக்கும். இங்கே ஆணி கோட்டை. கயிறு குண்டின் பாய்ச்சல். கயிற்றை நீட்டும் வித்தை பீரங்கியின் வாயில் இருக்கிறது. மட்டமாக வைத்துச் சுட்டால் குண்டு சீக்கிரமே தரையைத் தொட்டுவிடும். வாயை உயர்த்தினால் வில்லாக வளைந்து வெகுதூரம் போகும். காற்றே இல்லாத வெளியில் 45 பாகைச் சாய்வில்தான் அதிக தூரம். காற்று தடுப்பதால் நடைமுறையில் அதற்குச் சற்றுக் குறைவான சாய்வே தோது. மருந்தின் அளவு கொஞ்சம் மாறினாலும், குழலுக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி கூடினாலும் தூரம் மாறிவிடும். ஒரே பீரங்கி இரண்டு முறை சுட்டால் இரண்டும் ஒரே தூரத்தில் விழாது. ஆக, இந்தக் கயிறு ரப்பர் கயிறு. போதாததற்குக் கிழக்கே கடல். வட்டத்தில் ஒரு பங்கு அலைகளுக்குப் போயிற்று.

சரியான வட்டம் இல்லைதான். ஆனால் தெற்கே சிதம்பரத்தை அரசுக் காகிதங்கள் ‘வட்டம்’ என்கின்றன. வரைபடத்தில் பாருங்கள், எந்தப் பக்கமும் உருண்டையாக இராது. நகருக்குள்ளோ, கீழ வீதி, மேல வீதி, வடக்கு வீதி, தெற்கு வீதி என்று கோயிலைச் சுற்றிக் கட்டம் கட்டியிருக்கிறார்கள். அந்த வட்டத்துக்குக் கடலூரின் கோணல் வட்டம் எவ்வளவோ தேவலை.

1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்துத் தகர்த்தார். கெடிலம் ஆற்றின் கரையில் சில சுவர்கள் மிச்சம். சுற்றியிருக்கும் ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்ற பெயர் இன்னும் வழங்குகிறது.